புரூஃப்காரருக்குச் சந்திராஷ்டமம்

இந்த முறை வாயைத் திறந்தே தீருவது என்று பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது புரூஃப்காரர் முடிவு செய்தார். முடிவு செய்த கையோடு திறந்தும் பார்த்தார். பற்பசை நுரைதான் வந்தது.

தினசரி காலண்டர் அச்சடிக்கும் அச்சகம் ஒன்றில் அவருக்குப் புரூஃப் பார்க்கும் வேலை. திதி, நட்சத்திரம், யோகம், கரணம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம் என்று ஒரு நாளை எத்தனை துண்டாக நறுக்க முடியுமோ அத்தனை துண்டாக நறுக்கி ஒரு சின்னத் தாளில் அடைத்து வைத்திருப்பார்கள். அதில் ஒரு துண்டும் இடம் மாறாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. நவமி தசமியாகிவிட்டால் எங்கோ ஒருவர் கடை திறக்கும் நாள் கெட்டுப்போகும். எமகண்டம் தள்ளிப்போனால் யாரோ ஒருவர் பயணம் கெட்டுப்போகும். ஆக, ஊரில் இருக்கிற எல்லாருக்கும் எந்த நேரம் எப்படி என்பது அவருக்கு அத்துப்படி. தன் நேரம் எப்படி என்று மட்டும் மனைவியைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

அவருக்குக் கன்னி ராசி. சந்திரன் மாதம் ஒருமுறை அவர் ராசிக்கு எட்டாமிடத்துக்குள் நுழைந்து இரண்டேகால் நாள் தங்கிவிட்டுப் போகும். அதற்குச் சந்திராஷ்டமம் என்று பெயர். சந்திரனுக்கு அது போகிற வழியில் ஒரு சத்திரம். புரூஃப்காரருக்கு அது சிறை.

கல்யாணமான முதல் மாதம் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். புது மனைவி காலண்டரைப் பார்த்தாள். உதட்டில் விரலை வைத்தாள்.

"இன்னிக்கு உங்களுக்குச் சந்திராஷ்டமம். மனசு ஒரு நிலையில இருக்காது. பேசினா சண்டை வரும், முடிவெடுத்தாத் தப்பாப் போகும். ரெண்டு நாள் பேசாம இருங்க."

விரல் அழகாக இருந்தது. அவரும் பேசாமல் இருந்தார். விரலின் அழகு போய்ப் பல வருஷம் ஆயிற்று. பேசாமல் இருப்பது மட்டும் நின்றபாடில்லை.

அவருக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. கறிக்கடைக்காரர் வீட்டில் கறி சாப்பிட மாட்டார் என்பார்களே, அந்த மாதிரி. ஆனால் மனைவிக்கு நம்பிக்கை இருந்தது, மனைவியிடம் அவருக்குப் பயம் இருந்தது. ஒரு குடும்பம் நடக்க இவ்வளவு போதும்.

நடந்தது. அவர் மட்டும் அதில் இல்லை. இந்த வீட்டை வாங்கலாம் என்று முடிவானபோது அவருக்குச் சந்திராஷ்டமம். மேற்கு வெயில் முழுக்க இறங்கும் வீடு இது என்று அவருக்குத் தெரியும். சொல்லவில்லை. மகளைக் கண்காணாத ஊரில் கட்டிக்கொடுக்கப் பேசி முடித்தபோதும் சந்திராஷ்டமம். அவருடைய பழைய ஸ்கூட்டரை ஒரு காய்கறிக்காரர் ஓட்டிக்கொண்டு போனபோது வாசலில் நின்று பார்த்தார். அன்றைக்கும் அதேதான். அவர் பேசாதது எல்லாம் சம்மதக் கணக்கில் ஏறிவிடும். "அவரும் சரின்னுட்டார்" என்று மனைவி எல்லாரிடமும் சொல்வாள். பொய் இல்லை. வேண்டாம் என்று அவர் சொன்னதை யாரும் கேட்டதில்லையே.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இந்த மாதக் கடைசியோடு அவருக்குப் பணி ஓய்வு.

"வர்ற வியாழக்கிழமை தம்பி வர்றான்," என்றாள் மனைவி.

"எதுக்கு?"

"உங்க விஷயமாத்தான்."

"என் விஷயமா உன் தம்பி எதுக்கு வரணும்?"

"பின்ன, உங்க விஷயத்தை நீங்களா பேசப் போறீங்க? ரிட்டயர் ஆறீங்க. அப்புறம் என்ன?"

"அப்புறம் வீடு."

"வீடு எங்கயும் ஓடிடாது. தம்பி பெயிண்ட் கடையில கவுண்டர்ல நிக்க நம்பிக்கையான ஆள் இல்ல. காலையில போனா பொழுது சாய வரலாம். வர்றவங்ககிட்ட நாலு வார்த்தை பேசி, கலர் அட்டையைக் காட்டணும். அவ்வளவுதான்."

"நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?"

"வியாழக்கிழமை சொல்லுங்க."

அவர் எழுந்து போய்க் காலண்டரில் வியாழக்கிழமைத் தாளைத் தூக்கிப் பார்த்தார். நட்சத்திரம், அசுவினி. சந்திராஷ்டமம், கன்னி. அவர் கையாலேயே சரி பார்த்து அனுப்பிய தாள். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

புரூஃப்காரருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அது பெரிய ஆசையும் இல்லை. தன் வீட்டு மத்தியானத்தை அவர் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணக்கில் வராது. அன்றைக்குத் துணி, கடை கண்ணி, விருந்தாளி என்று வீடு சந்தையாக இருக்கும். வாரநாள் மத்தியானம் வேறு. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார வேண்டும். மனைவி வேலையை முடித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்வாள். டீ குடிப்பார்கள். பேசுவார்கள். என்ன பேசுவார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. பேசிப் பழக்கமில்லை. ஆனால் உட்கார்ந்தால் தானாக வரும் என்று நம்பினார். இத்தனை வருஷம் பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்து கழித்ததெல்லாம் அந்த மத்தியானத்துக்காகத்தான் என்று சமீப காலமாக அவருக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. அதைக் கொண்டுபோய் ஒரு பெயிண்ட் கடைக் கவுண்டரில் நிறுத்தப் பார்க்கிறார்கள்.

மறுநாள் காலை பல் தேய்க்கும்போது அந்த முடிவை எடுத்தது இதனால்தான்.

அச்சகத்தில் அவர் நேரே மெஷின்காரரிடம் போனார். மெஷின்காரர் வாயில் வெற்றிலையோடு மை டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"இந்த மாசத் தாள்ல நாலே நாலு வேணும். ஒரே ஒரு பிரதி."

"தாராளமா. ஸ்டாக்லயே இருக்கே."

"அது இல்ல. ஒரு சின்னத் திருத்தம் பண்ணி வேணும். வியாழன், வெள்ளியில சந்திராஷ்டமம் கன்னின்னு இருக்கு. அதைத் துலாம்னு மாத்திடுங்க. ஞாயிறு, திங்கள்ல துலாம்னு இருக்கு. அதைக் கன்னின்னு மாத்திடுங்க."

மெஷின்காரர் கிளறுவதை நிறுத்தினார். "எது சரி?"

"இப்ப இருக்கிறதுதான் சரி."

"அப்போ சரியா இருக்கிறதைத் தப்பா அடிக்கச் சொல்றீங்க."

"ஆமா."

"நீங்க."

"நான்தான்யா."

மெஷின்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு கமா நகர்ந்ததற்காக அச்சான தாள் முழுவதையும் திரும்ப அடிக்கவைத்த மனிதர் இவர். "வீட்ல ஏதாவது பிரச்சினையா சார்?" என்றார்.

"வீடே பிரச்சினைதான். அடிச்சுக் குடுங்க."

தாள் புரூஃப்காரர் கைக்கு வந்தது. பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார். பிறகு மூடி வைத்தார். அதே தாள், அதே மை, அதே எழுத்து. மற்ற எதிலும் கைவைக்கவில்லை. திதி இருந்த இடத்தில் இருந்தது. நட்சத்திரமும் அப்படியே இருந்தது. அதையும் மாற்ற அவருக்கு மனசு வரவில்லை. நாளுக்கு நட்சத்திரம் என்பது மனிதனுக்கு இனிஷியல் மாதிரி. செய்கிற தப்பை அளவோடு செய்வோம் என்று நினைத்தார். இத்தனை வருஷ நேர்மைக்கு அவர் செய்த கடைசி மரியாதை அது.

மறுநாள் விடிகாலை மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்துக் காலண்டரை இறக்கினார். தகரப் பட்டையின் கம்பியை நெம்பி, நிஜத் தாள்கள் நாலை உருவிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பொய்த் தாள்களைச் செருகி, கம்பியை அழுத்தி, திரும்ப ஆணியில் மாட்டினார். திருடன் மாதிரி வியர்த்தது. காலண்டர் மட்டும் ஒன்றுமே தெரியாததுபோல் தொங்கியது.

அவர் போட்ட கணக்கு சுலபமானது. வியாழக்கிழமை மைத்துனர் வருவார். மனைவி காலண்டரைப் பார்ப்பாள். அன்றைக்குத் துலா ராசிக்காரர்களுக்குத்தான் சந்திராஷ்டமம். அந்த வீட்டில் துலா ராசி யாரும் இல்லை. உதட்டுக்கு விரல் போகாது. அவர் எழுந்து நின்று "முடியாது" என்பார். ஒரே வார்த்தை. அதைக் குளியலறையில் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தார். கணீரென்று வந்தது.

அன்று சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போது மனைவி காலண்டர் முன் நின்றிருந்தாள். தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் போனை எடுத்தாள். வழக்கத்தைவிடச் சத்தமாகவே பேசினாள்.

"தம்பி, வியாழக்கிழமை வேணாம்டா. ஞாயித்துக்கிழமை வா. ஆமா, மத்தியானமா வா. இல்லடா, உங்கத்தானுக்கு அன்னிக்குத்தான் சந்திராஷ்டமம்னு போட்டிருக்கு. அன்னிக்கு வந்தாத்தான் சரியா இருக்கும்."

புரூஃப்காரர் ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார்.

இத்தனை வருஷமாக அவர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் தெரியுமா? முக்கியமான நாளாகப் பார்த்துச் சந்திராஷ்டமம் வந்து தொலைக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். தன் தலையெழுத்து அப்படி என்று சந்திரனைத் திட்டியிருந்தார். சந்திரன் பாவம், அது பாட்டுக்குத் தன் வழியில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. சந்திராஷ்டமத்தைப் பார்த்து நாள் குறித்தவள் இவள். வீடு, மகள், ஸ்கூட்டர், எல்லாமே அவர் வாய் கட்டியிருக்கும் நாளாகத் தேடி வைக்கப்பட்டவை. அந்தத் தேதிகளைப் பிழையில்லாமல் அச்சடித்துக் கொடுத்தது யார்? அவரேதான். தன் வாய்க்குத் தானே பூட்டுச் செய்து, சாவியை வருஷத்துக்கு ஒருமுறை சுவரில் மாட்டியிருக்கிறார். துக்கமாக இருந்தது. அதைவிட, இத்தனை நாள் புரியவில்லையே என்று அவமானமாக இருந்தது.

ஆனால் அவமானத்துக்குள் ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை என்பது பொய்த் தாளின் நாள். அவள் அவர் விரித்த வலையில்தான் நடந்து வருகிறாள். அன்றைக்கு அவர் வாய் கட்டியிருக்கிறது என்று இரண்டு பேரும் நம்பி உட்கார்ந்திருப்பார்கள். பேசி முடிக்கட்டும். கடைசியில் எழுந்து "முடியாது" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து நிஜத் தாளை எடுத்து மேஜையில் போடுவார். ஒரே அடியில் இத்தனை வருஷத்துக்கும் கணக்குத் தீர்ந்துவிடும்.

வியாழனும் வெள்ளியும் ராஜபோகம். காலண்டர்படி அவருக்குத் தடை இல்லை. ஆகவே பேசினார். திரைச்சீலை நிறம் சரியில்லை என்றார். மேற்கு வெயிலைப் பற்றி, வருஷங்கள் கழித்து, முதல்முறையாகப் பேசினார். எதிர்வீட்டு பேங்க்காரரைப் பற்றி நிறையவே பேசினார். பேங்க்காரர் ஓய்வு பெற்றவர். தெருவில் யார் நின்றாலும் நிறுத்திப் பேசுவார், அதையும் நன்றாகப் பேசுவார். அதனாலேயே புரூஃப்காரருக்கு அவரைக் கண்டால் ஆகாது.

"அந்த ஆளுக்கு என்ன தெரியும்? வாய்தான் இருக்கு."

"அப்படியா?" என்றாள் மனைவி.

"எனக்கும் வாய் இருக்கு. நான் திறக்கறதில்ல, அவ்வளவுதான்."

"ம்," என்றாள் மனைவி. கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். ஒரு இடத்திலும் குறுக்கே வரவில்லை. அவருக்கு அதிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பேச்சு ருசியில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வந்தார். வண்டியை நிழலில் நிறுத்தி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். விரல் நகங்களில் எப்போதும்போல ஏதோ ஒரு நிறம் ஒட்டியிருந்தது. மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். புரூஃப்காரரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். அவர் பவ்யமாகத் தலையாட்டினார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அக்கா, அத்தான் விஷயம்," என்று ஆரம்பித்தார் மைத்துனர்.

"அது வேணாம்டா," என்றாள் மனைவி.

நுனி நாக்குவரை வந்திருந்த "முடியாது" அங்கேயே நின்றது.

"ஏன்க்கா?"

"யோசிச்சுப் பார்த்தேன். அவருக்கு ஒத்து வராது. கடைன்னா பேசணும். இவரைப் பாரு. இத்தனை வருஷத்துல இந்த வீட்ல ஒரு விஷயத்துக்காவது அபிப்பிராயம்னு ஒண்ணு சொல்லியிருக்காரா? பாவம், அவரால ஆகாது. நீ வேற ஆளைப் பாரு."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்க்கா. அத்தான் நல்லவர்தான். ஆனா கஸ்டமர் வந்தா அவங்க மூஞ்சியவே பார்த்துக்கிட்டு நிப்பார்."

"அதான் சொல்றேன். எதிர்வீட்டு பேங்க்காரரைக் கேளேன். அவர் பேசினா நாள் பூரா கேட்டுக்கிட்டே இருக்கலாம். விஷயம் தெரிஞ்ச மனுஷன்."

இவ்வளவுதான் அவள் சொன்னது. புரூஃப்காரர் விரும்பியது எதுவோ அது அந்தக் கணத்தில் அவர் மடியில் வந்து விழுந்திருந்தது. வேண்டாம் என்றுவிட்டார்கள். கடை இல்லை. மத்தியானம் அவருடையது. அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், பேசாமல் இருப்பது. அதில்தான் அவருக்கு அப்படி ஒரு அனுபவம். ஆனால் பாருங்கள், அந்த ஒரு நாள் பார்த்து அவரால் அது முடியவில்லை.

"நிறுத்துங்க ரெண்டு பேரும்," என்றார்.

மைத்துனர் டீயை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாருக்குப் பேசத் தெரியாது? அந்த பேங்க்காரனா விஷயம் தெரிஞ்சவன்? அவனுக்குப் பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாது. போன மாசம் அவன் வீட்டுக் கேட்டைப் பார்த்தல்ல? பாசி பிடிச்ச மாதிரி அடிச்சு வச்சிருக்கான். நான் மைக்கு நடுவுல வளர்ந்தவன். ஒரு சிவப்புல மஞ்சள் ஒரு பொட்டு கூடினாக் கண்ணு சொல்லும்."

"அது மை, அத்தான். பெயிண்ட் வேற," என்றார் மைத்துனர்.

"என்ன வேற? உன் கடைக்குள்ள நுழைஞ்சா முதல்ல என்ன தெரியுது? கலர் அட்டையை இருட்டு மூலையில வச்சிருக்க. வர்றவன் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கிட்டு வாசலுக்குப் போறான். வாசலுக்குப் போனவன் அப்படியே பக்கத்துக் கடைக்குப் போறான். உனக்கு வியாபாரமே தெரியல."

மைத்துனர் நகர்ந்து முன்னால் வந்து உட்கார்ந்தார். "சரி அத்தான். ஒரு அம்மா வந்து முன்னறைக்கு இளமஞ்சள் வேணும்ங்கறாங்க. என்கிட்ட இல்ல. என்ன சொல்வீங்க?"

"இல்லைன்னு சொல்லவே மாட்டேன். ரூமுக்கு வெயில் எந்தப் பக்கம் வருதுன்னு கேப்பேன். மேற்குன்னா, இளமஞ்சள் அடிச்சா சாயங்காலம் வீடே தீப்பிடிச்ச மாதிரி இருக்கும்மா, அதுக்குச் சாம்பல் கலந்த வெள்ளைதான் லாயக்குன்னு சொல்லி அதை எடுத்து வைப்பேன். நான் மேற்கு வெயில்லயே வாழறவன். எனக்கா தெரியாது?"

அப்புறம் அவரை நிறுத்த ஆளில்லை. சுண்ணாம்புச் சுவரைப் பற்றிப் பேசினார். ஈரச் சுவரில் அடிக்கிறவர்களின் அறியாமையைப் பற்றிப் பேசினார். கையை வீசிப் பேசினார். தன் குரல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவருக்கே தெரியாது. டீ ஆறி ஆடை கட்டியது.

"சோபாவுல உட்கார்ந்து சொல்றது சுலபம்," என்றாள் மனைவி. "கடையில நின்னு சொல்லணுமே."

"நின்னு காட்டறேன்."

"ஒரு நாள் நிப்பீங்க."

"ஒரு நாளா? ஒண்ணாந்தேதியில இருந்து தினமும் நிக்கிறேன். காலையில போறேன், பொழுது சாஞ்சுதான் வருவேன். அந்த பேங்க்காரன் வந்து என்கிட்ட பெயிண்ட் வாங்கிட்டுப் போகட்டும், அப்ப தெரியும்."

மைத்துனர் எழுந்து வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இது போதும் அத்தான். உங்க வாயால வந்துடுச்சு."

புரூஃப்காரர் தன் கைகளைப் பார்த்தார். அவை இன்னும் மைத்துனர் கைக்குள் இருந்தன. தான் சொன்னதை மனதுக்குள் ஒருமுறை வாசித்துப் பார்த்தார். பிழை கடைசி வரியில் இருந்தது. திருத்தலாம் என்றால் அச்சு ஏறிவிட்டிருந்தது.

ஒரு வழிதான் இருந்தது. வெட்கத்தை விட்டு அதையும் பிடித்தார்.

"இன்னிக்கு எனக்குச் சந்திராஷ்டமம்," என்றார் சுவரைக் காட்டி. "நான் சொன்னது எதுவும் செல்லாது."

மைத்துனர் காலண்டர் பக்கம் போய்ப் பார்த்தார். "ஆமாக்கா. கன்னின்னுதான் போட்டிருக்கு."

"மேல என்ன நட்சத்திரம்னு பாரு," என்றாள் மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"ரோகிணி."

"ரோகிணின்னா சந்திரன் ரிஷபத்துல இருக்கான்." அவள் கட்டைவிரலால் விரல் கணுக்களை எண்ணினாள். "ரிஷபம் துலாத்துக்கு எட்டாமிடம். இவருக்கு எட்டாமிடம் மேஷம். அசுவினி, பரணி. அது வியாழன் வெள்ளியோட வந்துட்டுப் போயிடுச்சு. இன்னிக்கு இவருக்கு ஒரு தோஷமும் இல்ல."

"அப்போ அச்சுல தப்பா?"

"உங்கத்தான் புரூஃப் பார்த்த காலண்டர்லயா? அவரையே கேளு."

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். காலண்டர் சரி என்றால் நட்சத்திரமும் சரி. நட்சத்திரம் சரி என்றால் அவர் கடைக்குப் போக வேண்டும். காலண்டர் தப்பு என்றால், அவர் கண்ணைத் தாண்டி ஒரு பிழை இந்த வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது.

"பிழைதான்," என்றார் புரூஃப்காரர்.

மைத்துனர் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார். ஒண்ணாந்தேதி காலையில் வண்டி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, சந்தோஷமாகப் புறப்பட்டுப் போனார்.

மனைவி டீ டம்ளர்களை எடுத்தாள். புரூஃப்காரர் பையிலிருந்த நிஜத் தாள்களை எடுத்து மேஜையில் வைத்தார். இனி அவற்றை யாருக்குக் காட்டுவது?

"எப்பத் தெரியும் உனக்கு?"

"தாளைத் தூக்கின உடனே. மாத்தினதுதான் மாத்தினீங்க, நட்சத்திரத்தையும் சேர்த்து மாத்தியிருக்கக் கூடாதா? இத்தனை வருஷமா உங்க எட்டாமிடத்தை எண்ணிக்கிட்டிருக்கேன். எனக்குத் தாளே வேண்டாமே."

"அப்புறம் ஏன் ஞாயித்துக்கிழமைக்கு மாத்தின?"

"தம்பி புதுசா ஒரு கண்டிஷன் போட்டான். அத்தானைக் கேக்காம நீயா முடிவு பண்ணாத, ஒரு வாரம் வந்துட்டு நின்னுடுவாரு, அவர் வாயால சொன்னாத்தான் ஆச்சுன்னான். உங்களை எப்படிப் பேச வைக்கறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டிருந்தேன். பேசத் துடிக்கறீங்கன்னு தாளே சொல்லிடுச்சு, தோஷமில்லாத நாளையும் காட்டி நீங்களே வழி பண்ணிக் குடுத்தீங்க."

இதுவரை அந்த வீட்டில் நடந்ததெல்லாம் அவர் பேசாததால் நடந்தது. வாழ்க்கையில் இது ஒன்றுதான் அவர் பேசி நடந்தது. இதற்கு அவர் யாரையும் குறை சொல்ல முடியாது. சந்திரனைக்கூட.

அவருக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததைச் சொல்லிவிட்டார்.

"நான் ஒண்ணும் சோம்பேறித்தனத்துல வீட்ல இருக்கணும்னு சொல்லல. மத்தியானத்துல உன் பக்கத்துல உட்கார்ந்து நாலு வார்த்தை பேசலாம்னு நினைச்சேன். அதுக்குத்தான் இவ்வளவும் பண்ணினேன்."

மனைவி டம்ளர்களோடு நின்றாள். அவள் முகத்தில் கேலி இல்லை. ஒரு கணம் அவருக்கு நம்பிக்கைகூட வந்தது. அவள் ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலோரம் இருந்த நாற்காலியைப் பார்த்தாள். அதன் மெத்தை ஒரு ஆள் அளவுக்கு, அவளுடைய அளவுக்கு, அமுங்கிக் குழிந்திருப்பதை அவர் அப்போதுதான் கவனித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "காலையில நீங்க கிளம்பிப் போய், சாயங்காலம் வந்து செருப்பைக் கழட்டற வரைக்கும் இருக்கே, இத்தனை வருஷத்துல அது ஒண்ணுதாங்க எனக்கு நல்ல நேரம்."